நரிக்கல் பாலத்து நூறு ரூபாய் ஓட்டை

ராஜாவில் ஆரம்பிக்கிற கதையெல்லாம் ராஜா செத்ததும் முடிந்துவிடும். இது ஓட்டையில் ஆரம்பிக்கிற கதை, ஓட்டைக்குச் சாவு கிடையாது. ஆகவே டீயை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேளுங்கள். நடுவில் யாராவது 'நம்பும்படியா இல்லையே' என்று சொன்னால் அவர்தான் எல்லோருக்கும் டீக்குக் காசு கொடுக்க வேண்டும்.

நரிக்கல்லாற்றுக்குக் கிழக்கே கீழநரிக்கல், மேற்கே மேலநரிக்கல். கிழக்குக் கரைக்கு பஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, சந்தை உண்டு, மாசானம் டீக்கடை உண்டு. மேற்குக் கரைக்கு ஆவுடையம்மாள் உண்டு. ஆவுடையம்மாள் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. சுடலையாண்டியின் சம்சாரம். சுடலையாண்டி எதிர்க்கட்சி. தேர்தலின்போது அந்த அம்மாள் மேற்குக்கரை முழுக்க வீடு வீடாகப் போய், அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவளையும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவளையும் விடாமல் பிடித்து, "எங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க, பாலம் வரும், பாலத்து மேல பஸ் வரும், வராட்டா அந்த மனுசனை என் வீட்டு நடையேத்த மாட்டேன்" என்று சத்தியம் செய்திருந்தாள். பெண்கள் சத்தியத்தை மறக்கிறவர்கள் இல்லை, அதிலும் அடுத்தவள் செய்த சத்தியத்தை.

ஓட்டை வந்த விதத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், அது அவ்வளவு முக்கியம் இல்லை. மாநில அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று பட்ஜெட் வாசிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு துறையாக சபையில் வந்து எனக்கு இத்தனை கோடி கொடு என்று கையேந்தும். ஏந்துகிறவர் மந்திரி என்பதால் அதைப் பிச்சை என்று சொல்லாமல் மானியக் கோரிக்கை என்று சொல்வார்கள். உடனே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "இந்தக் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்" என்று வெட்டுத் தீர்மானம் கொடுப்பார். நூறு ரூபாய் யாருக்கும் வேண்டாம். அந்தச் சாக்கில் தன் தொகுதிக் குறையைச் சொல்லி அழுதுகொள்ளலாம், அவ்வளவுதான். அழுது முடித்ததும் ஓட்டெடுப்பு, தீர்மானம் தோற்கும், அழுதவரும் சிரித்தவரும் ஒன்றாகப் போய் காபி குடிப்பார்கள். தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

அந்த வருஷம் சுடலையாண்டி எழுந்து, "நரிக்கல் பாலத்துக்கு வருஷாவருஷம் பணம் ஒதுக்குதிய, ஒரு செங்கல்லு வந்து விழலை, ஆகவே நரிக்கல் பாலத்துப் பணத்தில் நூறு ரூபாயை வெட்டணும்" என்று பேசினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தின நேரம். அன்றைக்குச் சபை உணவகத்தில் ஆட்டுக்கறியும் தயிர்சாதமும் போட்டிருந்தார்கள், மின்விசிறிகள் தாலாட்டுப் பாடின, ஆளுங்கட்சி முழுவதும் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. அது அரசியலில் நெடுநாள் இருந்தால் வருகிற வித்தை. "தீர்மானத்தை ஆதரிப்போர் ஆம் என்க" என்று சபாநாயகர் சொன்னதும், பிறந்ததிலிருந்து ஆம் என்று மட்டுமே சொல்லிப் பழகியிருந்த ஆளுங்கட்சி தூக்கத்திலேயே "ஆம்ம்ம்" என்று முழங்கியது. "எதிர்ப்போர் இல்லை என்க" என்றதும், இல்லை என்று மட்டுமே சொல்லிப் பழகியிருந்த எதிர்க்கட்சி "இல்லைல்லை" என்று கூவியது, அதிலும் உரக்கக் கூவினவர் சுடலையாண்டி. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

கண்ணைத் திறந்தபடி தூங்கினவர்கள் அப்போதுதான் விழித்தார்கள். சட்டப்படி பார்த்தால் அரசாங்கமே கவிழ வேண்டும். கவிழ்ந்தால் தேர்தல், தேர்தல் என்றால் சித்திரை வெயில். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நூறு ரூபாய்தானே" என்றார் மந்திரி. "நூறு ரூபாய்தானே" என்றார் எதிர்க்கட்சித் தலைவர். "நூறு ரூபாய்தானே" என்று சபாநாயகரும் சொல்லி, எல்லோரும் காபி குடிக்கப் போனார்கள்.

வந்த வெட்கத்தில் பாலத்தை ஒரே வருஷத்தில் கட்டினார்கள். நல்ல பாலம், அதைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் தேக்கி, நாள் பார்த்து, பலகை, முட்டுக்கட்டையெல்லாம் பிரித்து எடுத்தால், நட்டநடுவில் ஓர் ஓட்டை. மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்தில் உருண்டையாக, விளிம்பில் பிசிறில்லாமல், குயவன் வழித்துவிட்ட பானை வாய் மாதிரி. கீழே ஆறு ஓடுவது தெரிந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் ஆள் நடக்க மட்டும் இடம் இருந்தது.

உதவிப் பொறியாளர் ரங்கபாஷ்யம் வடக்கேயிருந்து வந்தவர், படித்தவர், கண்ணாடி போட்டவர். கலவை போட்டு அடைக்கச் சொன்னார். போட்ட கலவை போட்ட இடத்தில் இல்லை, ஆற்றிலும் விழவில்லை. இரும்புத் தகடு வைத்தார். தகட்டின் நடுவில் அதே அளவு ஓட்டை. தகட்டுமேல் தேக்குப் பலகை, பலகையிலும் ஓட்டை. பலகைமேல் பாய் விரித்தார், பாயிலும் ஓட்டை. வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு குனிந்து பார்த்தார், குடையில் கம்பி மட்டும் மிச்சம். உயிருள்ளதை மட்டும் அது தொடவில்லை. ஆடு மாடு தாண்டினால் ஒன்றும் ஆகாது, ஆள் தாண்டினால் வேட்டி சட்டைதான் போகும். அரசாங்கம் நேராக மனுஷன் மேனியில் ஓட்டை போடாது, உடுப்பில்தான் போடும் என்று ஊரில் அப்போதே சொல்லிக்கொண்டார்கள். நேர் மேலே போன மேகத்திலும் ஓட்டை இருந்தது என்று மாசானம் சொல்வான். அதை நான் நம்பவில்லை, மாசானம் பொய்க்காரன்.

"இது என்ன சார்?" என்று கேட்டதற்கு ரங்கபாஷ்யம் கண்ணாடியைத் துடைத்து, "இது வெட்டின நூறு ரூபாய்" என்றார். "அந்த நூறு ரூபாய்க்கு எவ்வளவு பாலம் வருமோ அவ்வளவு பாலம் இங்கே கிடையாது. சபையே வேண்டாம்னு சொன்ன இடத்துல நான் எப்படி வேணும்னு வைக்க முடியும்?"

"அப்ப அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. வேணும்னா நாங்களே பிரிச்சுத் தாரோம்."

"எப்படித் தருவாங்க? அது போன வருஷத்துப் பணம். போன வருஷம் மார்ச்சோட போயிடுச்சு. போன வருஷத்தைக் கூட்டிட்டு வாங்க, நான் பணத்தை வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, மாற்றலும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ஆனாலும் முதல் பஸ்ஸை விட்டுப் பார்த்தார்கள். வாழை மரம் கட்டி, மாலை போட்டு, முன்சீட்டில் சுடலையாண்டி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேற்குக்கரையில் ஆவுடையம்மாள் பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு நிற்க, பஸ் ஓட்டைக்கு மேலே வந்தது. ஒரு சத்தமும் இல்லை. கண்டக்டர் தவசிமணி காலடியில் தரை இருந்த இடத்தில் ஆறு ஓடியது. அவன் இரண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அந்த நிலையிலும் பழக்கதோஷத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினான். பஸ் பின்னாலேயே திரும்பியது. டெப்போவில் புதுத் தகடு அடித்தார்கள். மறுநாள் தகட்டிலும் ஓட்டை. இனி நரிக்கல் பாலத்தில் பஸ் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள்.

சுடலையாண்டி இறங்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்து மேற்குக்கரைக்குப் போனார். மேற்குக்கரைப் பெண்கள் அத்தனை பேரும் அவரைப் பார்க்கவில்லை, ஆவுடையம்மாளைப் பார்த்தார்கள். ஆவுடையம்மாள் ஆரத்தியைக் கீழே வைத்தாள்.

"எதுல வந்திய?"

"நடந்துதான் ஆவுட. பஸ்ஸு அங்க நின்னு போச்சு."

"நடந்து வந்த ஆளு நடந்தே போங்க. பஸ்ஸுல வந்து இறங்கினாத்தான் நடையேறலாம்."

"ஏட்டி, நூறு ரூபாய்தானே..."

"நீங்க வெட்டினது நூறு ரூபாய் இல்ல. இத்தனை பொம்பளைங்க முன்னால என் மூக்கை வெட்டிட்டிய."

அவ்வளவுதான். அவர் திரும்பி நடந்து, மாசானம் கடைக்குப் பின்னால் இருந்த கட்சி ஆபீசில் பாயை விரித்தார். அன்றிலிருந்து எங்கள் எம்.எல்.ஏ.வுக்குக் கட்சி ஆபீசே வீடு, கொடிக்கம்பே கொடிக்கயிறு. பொதுக்கூட்டம் இல்லாத நாளில் அதில் அவருடைய வேட்டிதான் பறக்கும்.

இரக்கம் இல்லாதவள் என்று அந்த அம்மாளை நினைத்துவிடாதீர்கள். தினமும் உச்சிப்பொழுதில் தூக்குவாளியோடு பாலத்துக்கு வருவாள். ஓட்டையின் மேற்கு விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு அவள் உட்காருவாள், கிழக்கு விளிம்பில் அவர் உட்காருவார், நடுவில் ஆறு ஓடும். முதல் நாள் மறதியாக வாளியை ஓட்டைக்கு மேலாக நீட்டிவிட்டாள். கைப்பிடி மட்டும் அவர் கைக்கு வந்தது, ஆற்றில் மீன்களுக்குக் கத்திரிக்காய்ச் சாம்பார். அதற்குப் பிறகு சுவரோரமாகப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புவாள். அவர் தின்று முடிக்கும்வரை இருந்து, "உப்பு போதுமா?" என்று கேட்பாள். "போதும்" என்பார். "போதாதுன்னு சொன்னா மட்டும் வீட்டுக்கு வந்து போட்டுக்கவா முடியும்" என்று வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். போகும்போது திரும்பிப் பார்ப்பாள். பார்க்கவில்லை என்று அவள் சொல்வாள், நான் பார்த்தேன்.

ஊரும் ஓட்டையோடு பழகிவிட்டது. ஊருக்குப் பழகாதது என்ன இருக்கிறது? விளிம்பில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். மாசானம் அங்கேயே அடுப்பு மூட்டி மீன் பொரித்தான். கடன் வாங்கினவன் ஓட்டைமேல் கையை நீட்டிச் சத்தியம் செய்தான். பொய்ச் சத்தியம் செய்தால் மோதிரம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை, மெய்ச் சத்தியம் செய்தாலும் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. சலூன்காரர் முடியை அதில் கூட்டித் தள்ளினார். பிள்ளைத்தாச்சிகளைக் கட்டிலோடு தூக்கி வந்து, ஓட்டையருகே கட்டிலை ஒருக்களித்துச் சுவரில் தேய்த்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போகிற வழியிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பாலையா, பாலம்மாள் என்று பெயர் வைத்து, மேலநரிக்கல் பள்ளிக்கூடத்தில் பாலையா என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நின்றது. பஸ் வரவில்லையே என்கிற ஒரு குறைதான். அந்தக் குறையின் இரண்டு கரையிலும் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு பட்ஜெட் நாள். சுடலையாண்டிக்குக் காய்ச்சல், சபைக்குப் போகவில்லை. மாசானம் தன் ரேடியோவைப் பாலத்துக்கே கொண்டுவந்து வைத்திருந்தான். ரசம் சோறு தின்றுகொண்டே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நிதி மந்திரி தண்ணீர் குடித்துவிட்டு, சிமெண்டு மீதான விற்பனை வரி உயர்த்தப்படுகிறது என்று வாசித்தார். அந்த வாக்கியம் முடியவும், ஆவுடையம்மாள் தொங்கப்போட்டிருந்த காலைச் சடக்கென்று இழுத்தாள்.

"ஏங்க, கிட்ட வாரியளே!"

"நான் எங்கட்டி வந்தேன்? இருந்த இடத்துலதான் இருக்கேன்."

"வந்திய. எனக்குத் தெரியாதா? உங்க பெருவிரல் நகம் இப்பத் தெரியுது."

ஊர் கூடிப் பார்த்தது. நிஜம்தான். சக்கரம் அகலம் இருந்த ஓட்டை ஒரு விரற்கடை சுருங்கியிருந்தது. எங்கள் ஊரில் கணக்கு வராதவர்கள்தான் அதிகம், ஆனாலும் இது புரியாமல் போகுமா? நூறு ரூபாய்க்கு எவ்வளவு பாலம் வருமோ அவ்வளவு ஓட்டை. சிமெண்டு விலை ஏறினால் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் பாலம்தான் வரும். கொஞ்சம் பாலம் என்றால் கொஞ்சம் ஓட்டை. நாட்டில் விலைவாசி ஏற ஏற நரிக்கல்லில் ஓட்டை சிறுக்கும்!

அன்று தொட்டு எங்கள் இரண்டு ஊருக்கும் பட்ஜெட் நாள்தான் கோயில் கொடை மாதிரி பெரிய திருவிழா. ஓட்டையைச் சுற்றிச் சாணி தெளித்துக் கோலம் போட்டு, மேளம் வைத்து, ரேடியோவுக்குச் சந்தனம் தடவி உட்காருவோம். கம்பிக்கு வரி என்றால் குலவை. சரளைக்கல்லுக்கு வரி என்றால் வேட்டு. டீசல் என்ற சொல் வந்தாலே ஆண்கள் துண்டைச் சுழற்றுவார்கள், ஏனென்றால் டீசல் ஏறினால் மணல் வண்டிக் கூலி ஏறும், கூலி ஏறினால் ஓட்டை சுருங்கும். ஒரு வருஷம் நிதி மந்திரி வரியே இல்லாத பட்ஜெட் வாசித்துவிட்டார். சீமையெல்லாம் சர்க்கரை வழங்கிக் கொண்டாடியபோது நரிக்கல்லில் மட்டும் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்துத் தாலுகாக்காரர்கள் விலைவாசியைக் குறை என்று ஊர்வலம் போனால், அதே சாலையில் எதிரே நாங்கள் விலைவாசியை ஏற்று என்று ஊர்வலம் போவோம். அவர்கள் எங்களுக்கு மோர் கொடுப்பார்கள்; வெயிலில் மூளை கலங்கியிருக்கிறது என்று நினைத்தார்கள்.

இதில் அதிகம் அல்லாடியவள் ஆவுடையம்மாள்தான். கோயிலுக்குப் போய் "தாயே, விலை ஏறணும்" என்று கும்பிட்டுவிட்டு, நேரே பலசரக்குக் கடைக்குப் போய், "துவரம்பருப்பு இந்த விலை வித்தா குடும்பம் விளங்குமா, நீ நல்லா இருப்பியா?" என்று சண்டை போடுவாள். கடைக்காரர், "அக்கா, இப்பத்தானே ஏறணும்னு கும்பிட்டு வந்தீங்க?" என்றால், "நான் சிமெண்டைச் சொன்னேன், பருப்பையா சொன்னேன்? அம்மனுக்கு அது தெரியும், உனக்குத்தான் தெரியலை" என்பாள். அம்மனுக்கும் தெரியவில்லை போல. எல்லாமே சேர்ந்துதான் ஏறியது. பருப்பு குறைந்து சாம்பார் தண்ணீராயிற்று, தண்ணீராக ஆக புருஷன் கிட்டே வந்துகொண்டிருந்தார். மாட்டுவண்டிச் சக்கரம் சைக்கிள் சக்கரம் ஆயிற்று, சைக்கிள் சக்கரம் சுளகு ஆயிற்று, சுளகு சோற்றுத் தட்டாயிற்று. காலைத் தொங்கப்போட்டால் ஒருவர் பாதம் மற்றவர் பாதத்தில் முட்டியது. "தள்ளி உக்காருங்க, ஊர் பாக்குது" என்பாள். அவளும் தள்ள மாட்டாள், அவரும் தள்ள மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்க்கட்சி, விலைவாசி உயர்வைக் கண்டித்துச் சபையில் பெரிய விவாதம் கொண்டுவந்தது. கட்சியில் மூத்தவர் என்று சுடலையாண்டியை முதலில் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தார், கையில் இருந்த குறிப்பைப் பார்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அமைச்சர் பெருமானுக்கு என் தொகுதி மக்கள் சார்பில் நன்றி. இன்னும் கொஞ்சம் ஏத்தலாம். முக்கியமா சிமெண்டு. பருப்பை மட்டும் விட்டிருங்க, சம்சாரம் வையுறா" என்று சொல்லி உட்கார்ந்தார். ஆளுங்கட்சியே அதிர்ந்துபோய் மேசையைத் தட்ட மறந்துவிட்டது. சாயந்திரத்துக்குள் கட்சியை விட்டு நீக்கினார்கள். அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றார். இரண்டு நரிக்கல்லிலும் ஒரு வாக்கு சிதறவில்லை, மற்ற ஊர்களில் ஒரு வாக்கு விழவில்லை. தோற்றவருக்குக் கட்சி ஆபீசும் இல்லாமல் போய், மாசானம் கடை விறகுக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஆவுடையம்மாள் வாளியோடு வந்து விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பதவியும் போச்சா?"

"போச்சு."

"எதுக்கு அப்படிப் பேசினிய?"

"வீட்டுக்கு வரணும்னு தோணுச்சுட்டி."

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "உப்பு போதுமா?" என்று கேட்டாள். அவர் அன்றைக்கு இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவேயில்லை.

வருஷங்கள் போயின. இரண்டு பேருக்கும் தலை வெளுத்து, அவர் கால் வீங்கி, சுவரோரம் பிடித்துப் பிடித்து நடக்கிற நிலைமை. ஓட்டை எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. டெப்போவில் எங்கள் தவசிமணி இப்போது பெரிய ஆள், கண்டக்டர்களுக்கெல்லாம் தலைவன். அவனே வந்து எலுமிச்சம்பழத்தைப் போட்டுப் பார்த்து, "இவ்வளவு ஓட்டை எங்க எல்லா பஸ்ஸுலயும் ஏற்கனவே இருக்கு. விட்டிரலாம். வெள்ளிக்கிழமை காலையில முதல் வண்டி" என்று சொல்லிவிட்டான். ஆவுடையம்மாள் பட்டுப்புடவையை வெயிலில் போட்டாள்.

வியாழக்கிழமை பட்ஜெட். தேர்தல் வருஷம் என்பதை நாங்கள் மறந்துபோனோம். ஏழைகள் வீடு கட்டுவதற்கு உதவியாக சிமெண்டு விலை பாதியாகக் குறைக்கப்படுகிறது என்று அந்தப் புண்ணியவான் வாசித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை சாத்துக்குடியாகி, சாத்துக்குடி தேங்காயாகி, கோலத்தைத் தின்றுகொண்டு விரிந்தது. ஒருத்தரும் வேட்டு வைக்கவில்லை. தவசிமணி தலையைச் சொறிந்து, "தேங்காய் அளவுன்னா பெரியவங்க காலு உள்ள போயிரும் அண்ணாச்சி, மேலிடம் ஒத்துக்காது" என்றான். சுடலையாண்டி வீங்கின காலைத் தடவிக்கொண்டு, "பரவால்ல. அடுத்த வருஷம் ஏத்துவாங்க" என்றார். அடுத்த வருஷத்துக்கு அவர் இருப்பாரா என்று எல்லோரும் நினைத்தோம்.

ஆவுடையம்மாள் எழுந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள்.

"ஜில்லாவுல எத்தனை சிமெண்டுக் கடை இருக்கு?"

"எதுக்கு அத்தை?" என்றான் வளர்ந்த பாலையாக்களில் ஒருவன்.

"சந்தையில தக்காளி இல்லைன்னா தக்காளி விலை என்ன ஆகும்?"

மாசானத்துக்குத்தான் முதலில் உறைத்தது. அடுப்பை அணைக்காமலே ஓடினான். அந்த ஒரு பகலில் நடந்ததை ஒரு பாட்டாகவே பாடலாம், எனக்குக் குரல் இல்லை. ஆவுடையம்மாள் சங்கிலிக்குப் பின்னால் மேற்குக்கரைப் பெண்களின் கம்மலும் மூக்குத்தியும் வந்தன. எந்தப் பெண்கள் முன்னால் மூக்கு வெட்டுப்பட்டது என்றாளோ அதே பெண்கள் மூக்குத்தி. பாலையாக்கள் அத்தனை பேரும் லாரி, டிராக்டர், மாட்டுவண்டி, பால்காரன் சைக்கிள் என்று கிடைத்ததில் ஏறி ஜில்லாவின் நாலு மூலைக்கும் போய்க் கடை கடையாக மூட்டைகளை அள்ளினார்கள். முதல் கடையில் குறைந்த விலை, நாலாவது கடையில் பழைய விலை, பத்தாவது கடையில் ஒளித்து வைத்த விலை. சிமெண்டுக்குத் தட்டுப்பாடு என்று வதந்தி கிளம்பியதும், வீடு கட்டும் எண்ணமே இல்லாதவர்களும் இரண்டிரண்டு மூட்டை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள். இங்கே பாலத்தில் ஓட்டையைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள், "தேங்காய்... சாத்துக்குடி... சாத்துக்குடி... அசையலையே... ஆங், அசையுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பொழுது சாய்வதற்குள் ஜில்லாவில் ஒரு மூட்டை சிமெண்டு கிடையாது, ஓட்டை கொட்டைப்பாக்கு அளவு.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் வந்தது. சுடலையாண்டி முன்சீட்டில் உட்காரவில்லை. நடுவாக்கில் ஓர் இருக்கையை நெடுநேரம் நிதானித்துப் பார்த்து அதில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்த சீட்டு வேண்டாம். கரெக்டா அங்கதான் விழும்" என்றான் தவசிமணி.

"தெரியும்டே. என் ஓட்டை. அது மேல வேற எவன் உக்காருவான்?"

பஸ் பாலத்தில் ஏறியது, நடுவை அடைந்தது, 'சுக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பெரியவர் லேசாக நெளிந்தார், அவ்வளவுதான். பஸ் மேற்குக்கரையில் இறங்கி நின்றது. ஆவுடையம்மாள் ஆரத்தி சுற்றினாள். சுற்றின வேகத்தில் பாதித் தண்ணீர் டிரைவர் மேல் போயிற்று. சுடலையாண்டி கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, வீடுவரை நடந்து, நடை வாசலில் நின்று, "பஸ்ஸுலதான் வந்தேன். ஏறட்டுமா?" என்றார். "ஏறுங்க" என்றாள். அவர் திரும்பிச் செருப்பைக் கழற்றக் குனிந்ததும் ஊரே கொல்லென்று சிரித்தது. வேட்டியின் பின்பக்கம், சரியாக நடுவில், கொட்டைப்பாக்கு அளவில், பிசிறில்லாமல் ஓர் ஓட்டை.

வாங்கிக் குவித்த சிமெண்டில் மேற்குக்கரையில் ஒரு பஸ் நிலையம் கட்டினோம். ஒரு பஸ் வருகிற ஊருக்கு ஆறு பஸ் நிற்கிற நிலையம். அடகுபோன மூக்குத்திகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, அதற்கும் சில வருஷம் ஆயிற்று. நேரில் வந்தால் பாலத்து ஓட்டையைக் காட்டுகிறேன், இப்போது மிளகு அளவு. கண்ணாடி கொண்டுவாருங்கள்.

முதல் பஸ் வந்த அன்றைக்கு மத்தியானம் ஆவுடையம்மாள் அந்த வேட்டியை மடியில் போட்டு ஒட்டுப் போட்டாள். போட்டு முடித்து உதறினால் ஒட்டிலும் ஓட்டை. அதன்மேல் இன்னோர் ஒட்டுப் போட்டாள். அதிலும் ஓட்டை. மூன்றாவது துணியை எடுத்தவள் என்ன நினைத்தாளோ, ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, வேட்டியை அவர் பக்கம் எறிந்தாள்.

"பேசாம இதையே கட்டிக்கிடுங்க."

"இதைக் கட்டிக்கிட்டு எப்படிட்டி வெளிய போவேன்?"

"அதுக்குத்தான்" என்றாள்.